'பீன்' யாருக்குச் சொந்தம்? சிகாகோவின் தெருச் சிற்பங்களும் ஒரு டி-ஷர்ட் கேள்வியும்

சிகாகோவில் வேலை பார்க்கும் ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருந்தால், அவருடைய இன்ஸ்டா பக்கத்தில் இந்தப் படம் அநேகமாக இருக்கும். பாதரசத் துளி ஒன்று உருண்டு வந்து நின்றதுபோல வெள்ளி நிறத்தில் ஒரு பிரம்மாண்டம். அதில் வளைந்து நெளிந்து தெரியும் கட்டடங்கள். அதற்கு முன்னால் மொபைலைத் தூக்கிப் பிடித்தபடி அவர்.

ஊர்க்காரர்கள் அதை 'பீன்' என்கிறார்கள். அவரைக்கொட்டை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். உண்மையான பெயர் 'கிளவுட் கேட்'. செய்தவர், மும்பையில் 1954-ல் பிறந்த அனிஷ் கபூர்.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் படத்தை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கலாமா? அனிஷ் கபூரின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால், அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் வரும் பிக்காசோவின் சிற்பத்தை டி-ஷர்ட்டிலும் போடலாம், பொம்மையாகவும் செய்து விற்கலாம். யாரும் கேட்க முடியாது.

ஒரே ஊர், ஒரே டவுன்டவுன், இரண்டுமே பொது இடத்தில் திறந்தவெளியில் நிற்பவை. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? தெருவில் நிற்கும் சிற்பம் யாருக்குச் சொந்தம்? அதை வைக்கவும் எடுக்கவும் முடிவு செய்வது யார்?

முதலில் ஒரு சின்ன நடை

சிகாகோவின் மையப் பகுதிக்கு 'லூப்' என்று பெயர். தலைக்கு மேலே ஓடும் ரயில் பாதை அந்தப் பகுதியைச் சுற்றி ஒரு வளையம் போடுவதால் அந்தப் பெயர் நிலைத்தது. அதற்குள் டியர்பார்ன் என்ற ஒரு தெருவைப் பிடித்துத் தெற்கு நோக்கி நடந்தாலே போதும். பத்து நிமிடத்தில் மூன்று பெரிய பெயர்களைப் பார்த்துவிடலாம்.

முதலில் டேலி பிளாசா. அங்கே 50 அடி உயரத்தில் நிற்கிறது பிக்காசோவின் சிற்பம். எடை 162 டன். சற்றுத் தள்ளி, ஒரு வங்கிக் கட்டடத்தின் முற்றத்தில் மார்க் ஷகாலின் 'ஃபோர் சீசன்ஸ்'. 70 அடி நீளம், 14 அடி உயரத்தில் ஒரு பெட்டி. அதன் பக்கங்கள் முழுக்கச் சின்னச் சின்ன கல், கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய மொசைக். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஃபெடரல் பிளாசா. கறுப்பு நிறக் கட்டடங்களுக்கு நடுவே, நெற்றிக் குங்குமம் போலப் பளிச்சென்று ஒரு சிவப்பு. அலெக்சாண்டர் கால்டரின் 'ஃபிளமிங்கோ', 53 அடி.

டிக்கெட் கிடையாது. வாட்ச்மேன் முறைப்பதில்லை. கோர்ட்டுக்குப் போகிறவர், மதியச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்காருகிறவர், ஸ்கேட்டிங் பையன்கள் என எல்லோரும் இவற்றைக் கடந்துதான் போகிறார்கள்.

ஆனால் கவனித்துப் பாருங்கள். மூன்றும் நிற்கும் இடங்களுக்கு உரிமையாளர்கள் வேறு வேறு. முதல் இடம் உள்ளூர் அரசு நிர்வாகத்தினுடையது. இரண்டாவது தனியார் கட்டடத்தின் முற்றம். மூன்றாவது அமெரிக்க மத்திய அரசின் இடம். நடந்து போகிறவருக்கு எல்லாம் ஒரே ரோடு. சட்டத்துக்கு அப்படி இல்லை.

இது என்ன, பறவையா, குரங்கா?

கதை 1960-களில் தொடங்குகிறது. புதிதாகக் கட்டிய நீதிமன்றக் கட்டடத்தின் முன்னால் காலியாக ஒரு பெரிய சதுக்கம். அங்கே ஒரு சிற்பம் வைக்கலாம் என்று கட்டடக் கலைஞர்கள் யோசித்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் ஹார்ட்மன், பிரான்சில் இருந்த பிக்காசோவை நேரில் போய்ப் பார்த்துப் பேசினார். பிக்காசோ சம்மதித்தார். சம்பளமாக நீட்டிய 1 லட்சம் டாலரை வாங்க மறுத்துவிட்டு, வடிவத்தை சிகாகோ மக்களுக்குப் பரிசாகக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். செய்து நிறுத்துவதற்கான செலவு சுமார் 3.5 லட்சம் டாலர். அதை மூன்று அறக்கட்டளைகள் ஏற்றுக்கொண்டன. இண்டியானா மாநிலத்தின் கேரி நகரில் இருந்த எஃகு ஆலையில் அது உருவானது.

1967 ஆகஸ்ட் 15 அன்று மேயர் ரிச்சர்ட் ஜே. டேலி திரையை விலக்கினார். கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. பறவை என்றார்கள், பபூன் குரங்கு என்றார்கள், நாய் என்றார்கள். பெண்ணின் தலை என்று கலை விமர்சகர்கள் சொன்னார்கள். பிக்காசோ பெயரே வைக்கவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. கடைசிவரை சிகாகோவுக்கு வரவும் இல்லை. நகர மன்ற உறுப்பினர் ஜான் ஹோலன், "இதைத் தூக்கிவிட்டு பேஸ்பால் வீரர் எர்னி பேங்க்ஸுக்குச் சிலை வையுங்கள்" என்கிற ரீதியில் யோசனையே சொன்னார்.

அந்தக் காலத்தில் பொது இடத்தில் சிலை என்றால் குதிரை மேல் தளபதி, கையை நீட்டியபடி தலைவர் என்றுதான் பழக்கம். யாருடைய நினைவுக்கும் இல்லாமல், எதைப் போலவும் இல்லாமல் இவ்வளவு பெரிய ஒன்று நடு ஊரில் நின்றது பலருக்கு அதிர்ச்சி. இன்று அதே சிற்பம் ஊரின் அடையாளம். உள்ளூர் அணி ஜெயித்தால் அதற்குத் தொப்பி மாட்டிய காலமெல்லாம் உண்டு. இதற்குப் பிறகு ஷகால், கால்டர் இருவரின் படைப்புகளும் 1974-ல் வந்தன. பிக்காசோவுக்கு எதிர்ப்புறத்திலேயே 1981-ல் ஜோன் மிரோவின் சிற்பமும் வந்து சேர்ந்தது.

காசு யார் கொடுக்கிறார்கள்?

பொதுவாக மூன்று வழிகள்.

முதலாவது, நன்கொடை. பிக்காசோ அப்படித்தான் வந்தது. 'பீன்' கதையும் அதுதான். 2004-ல் திறந்த மில்லேனியம் பார்க்கில், அப்போது முடிந்தும் முடியாமலும் இருந்த அந்தச் சிற்பம் 2006-ல்தான் முறைப்படி நகரத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 168 துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து, இணைப்புக் கோடு ஒன்றுகூடத் தெரியாத அளவுக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். எடை சுமார் 100 டன். தொடக்கத்தில் போட்ட மதிப்பீடு பல மடங்கு எகிறிக் கடைசியில் 2.3 கோடி டாலர் ஆனது. அதைத் தனியார் நன்கொடைதான் சுமந்தது.

இரண்டாவது, மத்திய அரசு. அமெரிக்காவில் மத்திய அரசு ஒரு கட்டடம் கட்டினால், கட்டுமானச் செலவில் சுமார் அரை சதவீதத்தைக் கலைக்கு ஒதுக்கும் நடைமுறை உண்டு. 'ஃபிளமிங்கோ' அந்த வழியில் வந்தது.

மூன்றாவதுதான் நமக்குச் சுவாரஸ்யமானது. 1978-ல் சிகாகோ நகரம் ஒரு விதி போட்டது. நகராட்சி புதிதாகக் கட்டடம் கட்டினாலோ புதுப்பித்தாலோ, செலவில் ஒரு பங்கு கலைக்கு. அந்தப் பங்கு பின்னர் 1.33 சதவீதம் ஆனது. நம் கணக்கில் சொன்னால், 100 கோடி ரூபாய்க்குக் கட்டடம் என்றால் 1 கோடியே 33 லட்சம் ரூபாய் ஓவியத்துக்கோ சிற்பத்துக்கோ போக வேண்டும். இந்த யோசனையை முதலில் நடைமுறைப்படுத்திய அமெரிக்க நகரம் ஃபிலடெல்ஃபியா, 1959-ல்.

இதனால் என்ன லாபம்? 'காசு மிச்சமிருந்தால் பார்க்கலாம்' என்ற பேச்சே இல்லை. கட்டடத் திட்டத்திலேயே கலைக்கு ஒரு வரி விழுந்துவிடுகிறது. பணக்காரர் மனசு வைக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த டி-ஷர்ட் கேள்வி

ஒரு சிற்பத்துக்கு இரண்டு விதச் சொந்தம் உண்டு. ஒன்று, அந்த எஃகுப் பொருள். இன்னொன்று, அதன் வடிவத்தை நகல் எடுக்கும் உரிமை, அதாவது காப்பிரைட். பொருளை வாங்கினால் காப்பிரைட்டும் கூடவே வந்துவிடாது. நீங்கள் ஒரு நாவலைக் காசு கொடுத்து வாங்கலாம்; அதை அச்சடித்து விற்க முடியாது இல்லையா, அதே கதைதான்.

'பீன்' நகரத்தின் பூங்காவில் நிற்கிறது. வடிவத்தின் காப்பிரைட் அனிஷ் கபூரிடம் இருக்கிறது. 2005-ல் மில்லேனியம் பார்க்கில் தொழில்முறை போட்டோகிராஃபர்களைப் பாதுகாவலர்கள் மறித்து பர்மிட் கேட்டது பெரிய சர்ச்சையானது. 'பொதுப் பூங்காவில் படமெடுக்க அனுமதியா?' என்று கொதித்தார்கள். சுற்றுலாப் பயணிகளின் செல்ஃபிக்குத் தடை எதுவும் இல்லை. வணிக உபயோகம் என்று வரும்போதுதான் பிரச்சினை.

இந்த உரிமையை கபூர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. துப்பாக்கி உரிமைக்காகப் பேசும் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன், தன் பிரசார வீடியோவில் 'பீன்' காட்சியைச் சேர்த்திருந்தது. கபூர் 2018-ல் வழக்குப் போட்டார். அதே ஆண்டு சமரசம் ஆனது; அந்தக் காட்சியை நீக்கினார்கள். தன் படைப்பு எந்தப் பேச்சுக்குப் பின்னணியாக நிற்கிறது என்பதில் கலைஞருக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அப்படியானால் பிக்காசோ மட்டும் எப்படித் தப்பியது? ஒரு சின்னக் கவனக்குறைவு. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, படைப்பை வெளியிடும்போது காப்பிரைட் குறிப்பைப் போட்டே ஆக வேண்டும். திறப்பு விழாவுக்கு முன்பே சிற்பத்தின் மாதிரியைக் காட்சிக்கு வைத்தார்கள். பத்திரிகைகளுக்குப் படங்களும் கொடுத்தார்கள். எதிலும் அந்தக் குறிப்பு முறையாக இல்லை. நகல் எடுத்து விற்க விரும்பிய ஒரு பதிப்பகம் கோர்ட்டுக்குப் போனது. 1970-ல் தீர்ப்பு வந்தது: இந்தச் சிற்பத்துக்குக் காப்பிரைட் இல்லை, இது பொதுச் சொத்து.

மக்களுக்குப் பரிசு என்று பிக்காசோ சொன்னது, கோர்ட் கையால் அப்படியே நிஜமாகிவிட்டது!

நம்ம ஊரில் படம் எடுத்தால்?

இந்திய காப்பிரைட் சட்டம், 1957 இந்த விஷயத்தில் அமெரிக்காவைவிடத் தாராளம். பொது இடத்தில் நிரந்தரமாக வைத்த சிற்பத்தைப் போட்டோ எடுப்பதும், வரைவதும், அதை வெளியிடுவதும் காப்பிரைட் மீறல் ஆகாது என்று 52-வது பிரிவு சொல்கிறது. அமெரிக்கச் சட்டத்தில் இப்படி ஒரு வெளிப்படையான விலக்கு கட்டடங்களுக்கு மட்டும்தான் உண்டு, சிற்பங்களுக்குக் கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. நம் சட்டத்தின் அந்த போட்டோ விலக்கு, சுவரோவியங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மியூரல் முன்னால் விளம்பர ஷூட் என்றால், வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதுதான் நல்லது.

வைத்ததை எடுக்கலாமா?

காப்பிரைட்டைவிடக் கஷ்டமான கேள்வி இது.

சாப்மன் கெல்லி என்ற ஓவியர், 1984-ல் லூப்பை ஒட்டிய கிரான்ட் பார்க்கில் காட்டுப் பூக்களால் இரண்டு பெரிய நீள்வட்டங்களை உருவாக்கினார். மொத்தம் சுமார் ஒன்றரை ஏக்கர். பூ பூக்கும் வரிசை, நிறம் மாறும் விதம் எல்லாம் கணக்குப் போட்டு நட்டது. அவரைப் பொறுத்தவரை அது தோட்டம் அல்ல, உயிருள்ள ஓவியம். சொந்தச் செலவும் தன்னார்வலர்களின் உழைப்புமாக அது ஓடியது. 2004-ல் பக்கத்திலேயே மில்லேனியம் பார்க் வந்தபோது, பூங்கா நிர்வாகம் அதைப் பாதிக்கும் கீழே சுருக்கி, நீள்வட்டத்தைச் செவ்வகமாக்கியது.

கெல்லி வழக்குப் போட்டார். அதற்கு அவர் பிடித்துக்கொண்ட சட்டம், 1990-ல் வந்த 'விஷுவல் ஆர்ட்டிஸ்ட்ஸ் ரைட்ஸ் ஆக்ட்'. படைப்பை விற்றுவிட்ட பிறகும், அதைச் சிதைக்காமல் இருக்கக் கேட்கும் உரிமை கலைஞருக்கு உண்டு என்கிறது அது. அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான், 1989-ல், நியூயார்க்கில் ரிச்சர்ட் செராவின் 'டில்டட் ஆர்க்' என்ற 120 அடி நீள எஃகுச் சுவரை, நடைபாதையை மறிக்கிறது என்ற புகார்களுக்குப் பின் அரசே வெட்டி எடுத்திருந்தது.

கெல்லியின் வழக்கில் 2011-ல் அப்பீல் கோர்ட் கையை விரித்தது. செடி வளரும், வாடும், இடம் மாறும். அதைக் கலைஞர் 'நிலையாக' உருவாக்கிய படைப்பு என்று சொல்ல முடியாது என்பது அதன் வாதம். ஒப்பந்தத்தை மீறியதற்காகக் கீழ்க் கோர்ட் பெயரளவுக்குக் கொடுத்த நஷ்டஈடு 1 டாலர். அப்பீலில் அதுவும் போனது.

இந்தியாவில் இதற்கு நேர் எதிரான ஒரு தீர்ப்பு உண்டு. டெல்லி விஞ்ஞான் பவன் சுவரில் சிற்பி அமர்நாத் சேகல் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் கழற்றிக் குடோனில் போட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும், 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. காசு கொடுத்து வாங்கிய அரசாகவே இருந்தாலும், சிதைக்கும் உரிமை அதற்கு இல்லை என்பதே அதன் சாரம்.

கட்டடம் விற்றுப்போனால்?

சிகாகோவில் இல்லினாய் மாநில அரசின் தாம்சன் சென்டர் கட்டடத்துக்கு முன்னால் 1984 முதல் ஜான் தூபுஃபேயின் வெள்ளை நிறச் சிற்பம் ஒன்று நின்றது. கறுப்புக் கோடுகள் ஓடும் 29 அடி ஃபைபர்கிளாஸ் உருவம். 'மிக்ஸியில் மாட்டிய ஸ்னூப்பி' என்று ஊரே கிண்டல் பண்ணும். ஆனால் அதன் நடுவே புகுந்து புறப்பட்ட குழந்தைகளுக்குக் கணக்கே இல்லை. கட்டடம் கூகுள் கைக்குப் போனது. 2024-ல் சிற்பம் அங்கிருந்து அகற்றப்பட்டது. நாற்பது வருடப் பழக்கம், ஒரு ரியல் எஸ்டேட் டீலில் முடிந்தது.

சில நேரம் எடுக்கச் சொல்வதே மக்கள்தான். 2020 ஜூலையில், கிரான்ட் பார்க்கில் 1933 முதல் நின்ற கொலம்பஸ் சிலைக்கு எதிராகப் போராட்டம் வெடித்தது. பூர்வகுடிகளுக்கு நடந்த கொடுமையின் தொடக்கம் அவர் என்றது ஒரு தரப்பு. இத்தாலிய வம்சாவளியினருக்கோ அது தங்கள் சமூகத்தின் அடையாளம். மேயர் லோரி லைட்ஃபுட் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அதை இறக்க உத்தரவிட்டார். அதன்பிறகு நகரத்தின் 41 நினைவுச் சின்னங்கள் மறுபரிசீலனைக்கு வந்தன.

ஒரு டாலர் ஓவியம்

இந்தக் கதைகளில் மனசை உறுத்துவது கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலுடையது. சிகாகோவில் வாழும், உலகப் புகழ்பெற்ற ஓவியர் அவர். 2017-ல், பிக்காசோ வந்த 50-வது ஆண்டில், லூப்பில் உள்ள கல்ச்சுரல் சென்டரின் பின்பக்கச் சுவருக்கு ஒரு மாபெரும் சுவரோவியத்தை வடிவமைத்தார். ஊரின் கலை வாழ்க்கையை வளர்த்த 20 பெண்களின் முகங்கள் அதில் உண்டு. அவர் வாங்கிய சம்பளம் 1 டாலர்.

அடுத்த ஆண்டே, 2018-ல், நகர நிர்வாகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஊரின் மேற்குப் பகுதி நூலகம் ஒன்றில் மாட்டியிருந்த, மார்ஷல் 1995-ல் வரைந்த 'நாலெட்ஜ் அண்ட் வொண்டர்' ஓவியத்தை ஏலம் விடப்போவதாகச் சொன்னது. அன்று அவருக்கு அந்த வேலைக்காகக் கிடைத்தது 10,000 டாலர். ஏல மதிப்போ 1 கோடி முதல் 1.5 கோடி டாலர். வரும் பணத்தில் நூலகத்தை மேம்படுத்தலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

சட்டப்படி நகரம் செய்ததில் தப்பு இல்லை. ஓவியம் அதன் சொத்துதான். ஆனால் அது தொங்கியது வசதி குறைந்த ஒரு பகுதியின் நூலகத்தில். அங்கே வந்து படிக்கும் பிள்ளைகளுக்காகவே வரைந்தது. எதிர்ப்பு கிளம்பியது, ஓவியரும் வருத்தப்பட்டார். மேயர் ராம் இமானுவேல் ஏலத்தை வாபஸ் வாங்கினார்.

சட்டத்தில் இல்லாத ஒரு சொந்தமும் இருக்கிறது என்பதை அந்த வாபஸ் காட்டியது. தினமும் பார்க்கிறவர்களின் சொந்தம் அது. 2006-ல் மில்லேனியம் பார்க்கில் உள்ள 'கிரவுன் ஃபவுண்டன்' கோபுரங்களின் உச்சியில் கண்காணிப்பு கேமராக்கள் முளைத்தபோதும் இதுதான் நடந்தது. சுமார் 1,000 சிகாகோவாசிகளின் முகங்களை எல்இடி திரையில் காட்டி, அந்த வாய்களிலிருந்து தண்ணீர் கொட்டச் செய்யும் நீரூற்று அது. கேமராவைப் பார்த்த மக்கள் சத்தம் போட்டார்கள். சில வாரங்களில் இறக்கிவிட்டார்கள்.

சுருக்கமாக

• பொது இடத்தில் நிற்கிறது என்பதால் ஒரு சிற்பம் 'பொதுச் சொத்து' ஆகிவிடாது. இடம், பொருள், காப்பிரைட் மூன்றுக்கும் தனித்தனி உரிமையாளர்கள் இருக்கலாம்.

• கட்டுமானச் செலவில் கட்டாயப் பங்கு என்ற விதி இருந்தால், கலை நன்கொடையை நம்பி நிற்க வேண்டியதில்லை.

• செல்ஃபி எடுக்கலாம். வெளிநாட்டில் அந்தப் படத்தை வைத்து வியாபாரம் என்றால், முதலில் சட்டத்தைப் பாருங்கள்.

• வாங்கிய அரசு, சிதைக்கும் உரிமையையும் சேர்த்து வாங்குவதில்லை என்பது இந்தியத் தீர்ப்பு.

டேலி பிளாசாவில் பிக்காசோவின் சிற்பத்துக்கு அடிப்பகுதி சரிவாக இருக்கும். வெயில் அடிக்கும் நாட்களில் குழந்தைகள் அதில் ஏறிச் சறுக்கி விளையாடுகிறார்கள். இத்தனை வருடமாகச் சறுக்கிச் சறுக்கி எஃகே வழுவழுப்பாகிவிட்டது. பறவையா குரங்கா என்று அவர்கள் கேட்பதே இல்லை.